திருகோணமலையில் இரண்டு இரவுகள்



திருகோணமலையைப் பார்த்து வந்தவர் பலர். அந்நகரில் தங்கி வந்தவர் சிலர். இவ்விரு சாராருக்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது, கையில் பெரும்பொருள் இல்லாத ஒருவர் அங்கே எவ்வாறு தங்கலாம், தங்குவதனால் அவர் பெறும் பயன் யாது என்பவற்றைச் சிறிது எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நான் முதன்முறை அங்கு சென்றபோது முதற் சாராரில் ஒருவனாகவே இருந்தேன். நண்பர் அறுவருடன் வாடகை வண்டியில் முற்பகல் பத்து மணிக்குப் போய் இறங்கினேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. விரைந்து மலையேறிக் கோணேசப் பெருமானை வணங்கினோம், இராவணன் வெட்டை எட்டிப் பார்த்தோம், படம் பிடித்துக்கொண்டோம், பிற்பகல் ஒரு மணிக்கெல்லாம் நிலாவெளிக் கடலில் நீராடிக்கொண்டிருந்தோம். வீடு திரும்பியதும் என் தாயார், "கோணேசரைக் கும்பிட்டனியோ? ஊர் எப்படி?" என்று வினவினார். கும்பிட்டேன் என்று சொல்ல முடிந்தது. ஊர் எப்படி என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தனியே சென்று, நகரின் நடுவே ஒரு சிறிய விடுதியில் இரண்டு இரவுகள் தங்கிய பின்னரே அதற்கு விடை கிடைத்தது.

விடுதி என்பது நமக்குப் புதியதன்று. வழிச்செல்வோர் தங்குவதற்கு மடமும் சத்திரமும் அமைப்பது நம் முன்னோர் கண்ட அறங்களுள் ஒன்று. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல் ஆகிய நான்கும் அருகருகே அமைந்திருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். மனிதன் இளைப்பாற மடம். தாகந் தணிக்கக் கேணி. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கி. மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரையிட்டுக் கட்டப்பட்ட தெருமூடி மடம் இன்றும் இருக்கிறது. தமிழகத்திலே, இராமேசுவரம் செல்லும் பெருவழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் பல கட்டினர். அவற்றுள் ஒன்று, இரண்டாம் சரபோசி மன்னர் ஒரத்தநாட்டில் 1802 ஆம் ஆண்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம். பின்னர் இலங்கையில் அந்நியர் ஆட்சி நடந்தபோது, நெடுந்தெருக்களில் இடையிடையே அரசாங்கத்தார் வாடிவீடுகளை அமைத்தனர். ஆயினும் வாடிவீடு பெரும்பாலும் உத்தியோகத்தருக்கும் பணம் படைத்தோருக்கும் உரியதாயிருந்தது. ஏழை யாத்திரிகனுக்கு மடமே கதி.

மேல்நாட்டிலும் இத்தகைய எண்ணம் ஒரு பள்ளி ஆசிரியரின் உள்ளத்தில் உதித்தது. 1909 ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷிர்மன் என்பார் தம் மாணவரை நடைப்பயணமாக அழைத்துச் சென்றபோது, இடியும் மழையும் குறுக்கிடவே, ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. மாணவர் வைக்கோற் பரப்பிலே உறங்கினர். ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாக இத்தகைய எளிய தங்குமிடம் நாடெங்கும் இருந்தால் என்ன என்று அன்றிரவே அவர் எண்ணினார். அதன் பயனாக 1912 இல் ஆல்ட்டெனா என்னும் ஊரின் பழைய கோட்டையினுள்ளே உலகின் முதலாவது நிலையான இளைஞர் விடுதி தோன்றியது. 1932 இல் இவ்வியக்கம் நாடுகள் பலவற்றை இணைக்கும் சம்மேளனமாயிற்று. வரலாற்றுச் சின்னத்தின் அருகிலேயே குறைந்த செலவில் தங்கி, கால்நடையாகவே அதனை அறிதல் என்பது இவ்வியக்கத்தின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்ட பண்பு.

இனித் திருகோணமலைக்கு வருவோம். அங்கு செல்வோரிற் பலர் நகரில் தங்குவதில்லை. வடக்கே உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளிலேயே பெரிய ஹொட்டேல்கள் அமைந்துள்ளமையால், நகரை வண்டியில் வந்து எட்டிப் பார்த்துப் போவதே வழக்கமாகிவிட்டது. கடலாட விரும்புவோருக்கு அது பொருந்தும். ஆனால் நகரை அறிய விரும்புவோர் நகரிலேயே தங்குதல் வேண்டும். இதற்குக் காரணம் அந்நகரின் நில அமைப்பே.

திருகோணமலை நகர் ஒடுங்கிய ஒரு நிலக் கழுத்தின் மேல் அமைந்தது. கிழக்கே திறந்த வங்கக் கடல். மேற்கேயும் தெற்கேயும் மலைகளும் தீவுகளும் அரண்செய்யும் உட்துறைமுகம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து போகக் கால் மணி, இருபது நிமிடம் போதும். கிழக்குக் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு செல்லும் முனையிலே பிரெட்ரிக் கோட்டையும், அம்முனையின் நுனியிற் சுவாமி மலையும், அதன் உச்சியில் திருக்கோணேச்சரமும் உள்ளன. ஆகவே இந்நகரில் ஒருவர் சூரியன் கடலிலிருந்து எழுவதை மலையுச்சியில் நின்று காணலாம். அதே சூரியன் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள குன்றுகளில் மறைவதை மாலையில் மறு கரையில் நின்று காணலாம். இரண்டுக்கும் வண்டி வேண்டியதில்லை; கால் போதும். ஆனால் விடியலும் அந்தியும் ஊரில் தங்குவோனுக்கே உரியவை. பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குத் திரும்புவோனுக்கு அவை கிட்டா.

தங்குமிடத்தைத் தேர்ந்துகொள்ளும் முறையைச் சிறிது கூறுகிறேன். நகரில் மலிவான தங்குமிடங்கள் மூவகைப்படும். முதலாவது, பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் அடுத்துள்ள லொட்ஜுகள். பயணக் களைப்போடு நள்ளிரவில் வந்து சேர்வோருக்கு அவை உதவும். ஆனால் தெருவின் சந்தடி அதிகம். இரண்டாவது, பல கட்டில்களை ஒரே அறையில் இட்டு, கட்டிலுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் இளைஞர் விடுதிகள். தனியாகச் செல்வோருக்கு இவை மிகச் சிக்கனமானவை. அயல்நாட்டு இளைஞரோடு பேசிப் பழகவும் வாய்ப்பளிப்பவை. மூன்றாவது, தாம் வாழும் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கிக் குடும்பத்தார் நடத்தும் விருந்தினர் இல்லங்கள். குடும்பத்தோடு செல்வோருக்கும், ஊரைப் பற்றி வினவி அறிய விரும்புவோருக்கும் இவையே சிறந்தவை.

எவ்வகையைத் தேர்ந்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் அறையைக் கண்ணாற் பார்த்தல் நன்று. நுளம்புவலை கிழியாமல் இருக்கிறதா, மின்விசிறி சுழல்கிறதா, யன்னல் காற்று வரும் திசையை நோக்குகிறதா, குழாயில் நீர் வருகிறதா, பொருள்களைப் பூட்டி வைக்கப் பெட்டி உண்டா என்னும் ஐந்தையும் பார்த்தால் போதும். குளிரூட்டி இருந்தால் கூலி ஏறும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பகலில் அனலாக வீசும். எனினும் கடலோர வீட்டில் இரவு இதமாகவே இருக்கும். ஐப்பசி தொடங்கி வாடைக் காற்றோடு மழை வரும். அப்பொழுது கடல் கொந்தளிக்கும். ஆனால் அறைக் கூலி தாழும். மகா சிவராத்திரியிலும் ஆலயத் திருவிழாக் காலத்திலும் ஊர் நிரம்பி வழியுமாதலால் முன்னதாகவே சொல்லி வைத்தல் வேண்டும். தேசிய அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ மறவாது கொண்டு செல்க. உடுமாற்று, துவாய், சவர்க்காரம், ஒரு சிறு பூட்டு, ஒரு கைவிளக்கு ஆகியவை இருந்தால் எந்த எளிய விடுதியும் வீடாகிவிடும்.

நான் தங்கியது மேற்சொன்ன மூன்றாம் வகை இல்லம் ஒன்றில். அதனை நடத்தியவர் அறுபது வயது கடந்த ஓர் அம்மையார். மாலையில் நான் சென்று பையை வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "தம்பி, இப்ப கோயிலுக்கு ஓடாதேங்கோ. கடற்கரையில கொஞ்சம் இருந்திட்டு வந்து, சாப்பிட்டுப் படுங்கோ. விடிய முன்னம் நான் எழுப்பி விடுறன்." அவ்வண்ணமே செய்தேன்.

அதிகாலை நான்கரை மணிக்கு அவர் கொடுத்த தேநீரைப் பருகிவிட்டு நடந்தேன். கோட்டை வாயிலை அடைந்தபோது இன்னும் இருள் பிரியவில்லை. புள்ளிமான்கள் சில தெரு விளக்கின் கீழே அச்சமின்றி நின்றன. வாயிலிலே இரட்டைக் கயல் உருவமும் தமிழ்ச் சாசனத் துண்டொன்றும் பொறித்த கற்கள் பதிந்துள்ளன. வண்டியில் விரைவோர் கண்ணில் அவை படுவதில்லை. முதல் வருகையில் என் கண்ணிலும் படவில்லை. கோட்டைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கயல்களே சொல்கின்றன. மலைமேலிருந்த பெருங்கோயில் 1622 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது என்பது மரபு. அதனையடுத்த ஓரிரு ஆண்டுகளில் அக்கோயிற் கற்களைக் கொண்டே அவர்கள் கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டில் மட்டும் அது இருமுறை கைமாறியது: தை மாதத்தில் ஆங்கிலேயர் பிடித்தனர், ஆவணியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் அவர்களிடமிருந்து அதனைப் பறித்துக்கொண்டார். பின்னர் மீண்டும் ஒல்லாந்தரிடம் சேர்ந்து, 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803 இல் யோர்க் கோமகனாகிய பிரெட்ரிக்கின் பெயர் அதற்கு இடப்பட்டது. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் பெயர் பெற்று, நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1800 ஆம் ஆண்டு முடிவிலும் 1801 தொடக்கத்திலும் இவ்வூரில் தங்கியிருந்தார்; அவர் பெயரால் வழங்கும் வீடு கோட்டைக்குள் உள்ளது. கோட்டை இன்றும் படையினரின் பாளையமாதலால், குறித்த வழியிலேயே செல்லுதலும், தடுத்த இடத்தில் படம் பிடியாதிருத்தலும் வேண்டும்.

மேலே ஏறியபோது கிழக்கு வெளுத்தது. பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கீழே அலைகள் மோதும் ஒலி. மேலே ஆலய மணியோசை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பதிகத்தால் பாடினார். அவர் இங்கு வந்து பாடவில்லை. இராமேசுவரத்தில் நின்றவாறே கோணமாமலையை வணங்கிப் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். வராமலே பாட அவரால் இயன்றது. நம்போல்வார் வந்து, தங்கி, விடியலில் ஏறினாலன்றிச் சிறிதும் உணர இயலாது.

கோயில் இடிந்த பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கு பெருங்கோயில் இல்லை. மக்கள் பாறையிலேயே பூவும் நீரும் இட்டு வணங்கி வந்தனர். 1950 ஆம் ஆண்டில் நகரிலே கிணறு வெட்டியபோது, மண்ணுள் மறைத்து வைக்கப்பட்டிருந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956 இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். 1963 மார்ச்சு மாதத்தில் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. இவ்வளவையும் புத்தகத்திற் படிக்கலாம். ஆனால் அன்று காலை நான் கண்டது புத்தகத்தில் இல்லை. பணிக்குச் செல்லும் ஓர் இளம்பெண் வணங்கிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு விரைந்து இறங்கினாள். மீன் வாடி ஒன்றின் முதலாளி கற்பூரம் கொளுத்தினார். பாடசாலைப் பிள்ளைகள் இருவர் பரீட்சைப் பேனாக்களைச் சுவாமி முன் வைத்து எடுத்தனர். பத்து மணிக்குப் பின் அது சுற்றுலாத் தலம். ஆறு மணிக்கு அது ஊரின் கோயில்.

இல்லத்துக்குத் திரும்பினால் இடியப்பமும் சொதியும் சம்பலும் காத்திருந்தன. இதுவும் நகரில் தங்குவதன் நலன்களுள் ஒன்று. வெயில் ஏறும் வேளையில் அறைக்கு வந்து இளைப்பாறி, மூன்று மணிக்குமேல் மீண்டும் புறப்படலாம். அவ்வாறு புறப்பட்டு மறுகரையாகிய துறைமுகப் பக்கம் சென்றேன். வழியில் ஒரு பழைய ஆங்கிலேயர் மயானம் இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பியாரும் கடற்படை உயர் தளபதியுமாகிய சார்ள்ஸ் ஆஸ்டின் 1852 இல் பர்மாவில் நோயால் இறந்து, இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறைகளில் பொறித்துள்ள வயதுகளைப் படித்தால் பலர் இளைஞர். பேரரசுக்குக் காவல் நிற்க வந்தவர்கள் வீடு திரும்பவில்லை.

துறைமுகக் கரையில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்று கடற்படை வரலாற்றுக் காட்சிச்சாலையாக விளங்குகிறது. அங்கிருந்து நோக்கினால், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் இஃதொன்று என்று சொல்வதன் காரணம் தெளிவாகும். நீர் மிக ஆழமானது. சுற்றிலும் நிலம் அணைத்திருப்பதால் புறக்கடல் கொந்தளிக்கும்போதும் உள்ளே நீர் அமைதியாகவே கிடக்கும். இந்த அமைதியே ஊருக்கு வினையாயிற்று. கப்பல் வைத்திருந்த ஒவ்வொரு வல்லரசும் இதனை விரும்பியது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. அன்றே ஹேர்மிஸ் என்னும் ஆங்கில விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 1948 இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஆங்கிலக் கடற்படை இங்கேயே இருந்தது. 1957 இலேதான் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

மறுநாள் நகருக்கு வெளியே செல்லலாம். அதற்குப் பேருந்தோ முச்சக்கர வண்டியோ போதும். மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு உள்ளன. ஒவ்வொன்றிலும் நீரின் சூடு சிறிது வேறுபடும். தாய்க்கு இறுதிக் கடன் ஆற்ற இராவணன் அவற்றைத் தோற்றுவித்தான் என்பது கர்ண பரம்பரைக் கதை. இன்னும் சிறிது வடமேற்கே பெரியகுளத்தருகே வெல்கம் விகாரையின் இடிபாடுகள் இருக்கின்றன. சோழர் ஆட்சியில் இப்பௌத்தப் பள்ளி இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் பெற்றது; அதற்கு விளக்கும் பொருளும் வழங்கியோரின் கொடைகள் தமிழ்ச் சாசனங்களாக அங்குள்ளன. சைவ மன்னரின் பெயர் தாங்கிய பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் எழுதிய கொடை! ஓர் ஊரின் வரலாறு ஒரு நிறத்தால் மட்டும் தீட்டப்படுவதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தெற்கே 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூருக்குச் சென்றால், கொட்டியாரக் குடாவின் கரையை அடையலாம். 1659 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புயலிலே பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று திருத்தம் செய்துகொள்ள இக்குடாவில் நங்கூரமிட்டது. அதில் வந்த ரொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் கண்டி மன்னரின் ஆட்களால் பிடிபட்டார். சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை, ஊர்மக்களிடையே தங்கவைக்கப்பட்டு, அவர்கள் அளித்த சோற்றை உண்டு வாழ்ந்தார். சில நாள் தங்க வந்தவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தங்கி, 1679 இல் தப்பியோடினார். 1681 இல் அவர் வெளியிட்ட நூல், அக்காலத்து இலங்கை மக்களின் உணவு, உடை, வேளாண்மை, வழக்கங்கள் ஆகியவற்றை அறிய இன்றும் உதவுகிறது. விரும்பாது தங்கியவரே இவ்வளவு கண்டார் என்றால், விரும்பித் தங்குவோர் எவ்வளவு காணலாம்!

நேயர்களே, இதுவரை கல்லையும் கோட்டையையும் பற்றிக் கூறினேன். தங்கியதனால் நான் அறிந்த மற்றொன்றையும் கூறி முடிக்கிறேன். இரண்டாம் நாள் இரவு அந்த அம்மையார் விருந்தினர் பதிவேட்டை என்னிடம் நீட்டிப் பெயரும் ஊரும் எழுதச் சொன்னார். தடித்த அட்டையிட்ட பழைய கொப்பி அது. அவருடைய தந்தையார் காலத்திலிருந்து அவ்வீட்டில் யாத்திரிகர் தங்கி வந்தனர். நான் பக்கங்களைப் புரட்டினேன். காரைநகர், பதுளை, கொழும்பு, காலி, நாகபட்டினம் என்று ஊர்ப்பெயர்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள். 1983 ஆம் ஆண்டின் ஆனி மாதத்தோடு எழுத்து நின்றுவிட்டது. அடுத்த பக்கத்தின் முதல் வரியில் 2010 என்று இருந்தது.

இடையில் இருந்தது வெறுமையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வெறுமை இல்லைத் தம்பி. வீடு நிறைய ஆக்கள்தான். அகதியா வந்த சொந்தக்காரர், சுனாமிக்குப் பிறகு கரையோரச் சனம்... அவையிட்ட ஆர் கையெழுத்து வாங்கிறது?" என்றார்.

1983 முதல் 2009 வரை நடந்த போரில் இந்நகர் பட்டது சிறிதன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடற்பேரலையும் வந்தது. நான் முதல் நாள் மாலை சென்று அமர்ந்திருந்த அதே கடற்கரையிலே, 2006 சனவரி 2 ஆம் நாள் மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இன்று அங்கே குழந்தைகள் பட்டம் விடுகின்றனர். கச்சான் கடலை விற்போர் கூவுகின்றனர். மூவினத்தாரும் காற்று வாங்குகின்றனர். கோட்டை வாயிலில் உள்ள கயல்களைப் பற்றிச் சொல்ல நூல்கள் உண்டு. அந்தக் கடற்கரையில் எந்த இடத்தில் நின்று ஊரார் குரலைத் தாழ்த்துகின்றனர் என்பதை அறிய, அவர்களோடு ஒரு மாலையேனும் இருத்தல் வேண்டும்.

தங்குவோருக்கும் சில கடமைகள் உண்டு. கூலியில் அளவுக்கு மீறிப் பேரம் பேசற்க. பெரிய ஹொட்டேலிற் கொடுக்கும் பணம் எங்கோ செல்லும், சிறிய இல்லத்திற் கொடுப்பது அந்த வீட்டு அடுப்பிலேயே எரியும். கிணற்று நீரை அளவாகச் செலவிடுக; கச்சான் காலத்தில் அது அருமையான பொருள். இரவில் சத்தமிடற்க, மறுசுவரின் பின்னே அதிகாலையில் கடலுக்குப் போகும் தொழிலாளி உறங்குகிறார். போர்க்காலத்தைப் பற்றி நாமாக வினவற்க. அவர்களாகச் சொன்னால் அமைதியாகக் கேட்க. கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் உரிய உடையோடு செல்க. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. கூலி கொடுத்துத் தங்குவோனும் விருந்தினனே என்பதை மறவாதிருந்தால் இவையெல்லாம் தாமே கைகூடும்.

நானூறு ஆண்டுகளாகத் திருகோணமலைக்குக் கடல்வழியே வந்த அந்நியர் பலர், ஊரைத் தமதாக்கிக்கொள்ளவே வந்தனர். ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, இரண்டு இரவு தங்கி, கூலி கொடுத்து, நன்றி கூறிப் போகும் மனிதன் வேறு வகை அந்நியன். விடைபெறும்போது அந்த அம்மையாரும் இதையே வேறு சொற்களில் கூறினார்: "எங்கட ஊருக்கு ஆக்கள் வந்து நிண்டு போகினம் எண்டால், அதுதான் தம்பி எங்களுக்குச் சமாதானம்."

பதிவேட்டில் 2010 க்குப் பின் நாற்பது பக்கங்கள் நிரம்பியிருந்தன. என் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தேன். இம்முறை வீட்டிலே தாயார், "ஊர் எப்படி?" என்று கேட்டபோது, சொல்லி முடிக்க ஒரு மாலைப் பொழுது போதவில்லை.